இவருக்குப் பதில் இவர்

சவுரியம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை ஆய்ந்தபடியே சாய்ந்து விழுந்த நேரத்தில் அவளுடைய மகள் இருதயமேரி சென்னையில் ஒரு பங்களா வாசலில் நின்று மருமகளை வீட்டைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தாள். மருமகளாக நடித்த பெண்ணுக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. அதனால் திரும்பத் திரும்ப விரட்ட வேண்டியிருந்தது. மேக்கப் பெட்டிக்குள் கிடந்த செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அது 2012 பங்குனி. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில், தார் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்தது அவர்களுடைய காலனி. மார்கழியில் அடித்த தானே புயல் கொல்லையோரத்துப் புங்க மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அறுப்புக் காலத்தில் காய் ஆய்கிற பெண்களுக்கு உட்கார நிழல் இல்லை. பிடுங்கிப் போட்ட செடிக் குவியலை அண்டி, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சவுரியம்மாளுக்குப் பக்கத்தில் எப்போதும் பூமாலைதான் உட்காருவாள். ஒரே தெரு, ஒரே வயசு, ஒரே கொல்லையில் கூலி.

"பேசிக்கினேதான் இருந்தா உங்கம்மா," என்று பூமாலை பிறகு மேரியிடம் சொன்னாள். "'சாயங்காலம் கரண்டு இருக்குமாடி, எம் பொண்ணு வர்ற நேரத்துல புடுங்கிடப் போறான்'னு சொல்லிக்கினே ஆஞ்சிக்கினு இருந்தா. சட்டுனு பேச்சு கொழகொழன்னு ஆயிடுச்சி. வெத்தலய அடக்கிக்கினு பேசறான்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா அப்பிடியே செடி மேல சாஞ்சி கெடக்கறா. மண்ணக் கூட வாயிலேர்ந்து துப்ப முடியல அவளால."

விழுப்புரத்திலிருந்து மேரியின் கணவன் புகழேந்தி ஓடிவந்து, மாமியாரை ஷேர் ஆட்டோவில் மடியில் கிடத்தி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மேரி வந்து சேர்ந்தபோது கண்ணில் போட்ட மை கன்னம் வரை வழிந்திருந்தது. வராந்தாவில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்தார்கள்.

"ஏய், விசாலாட்சிடி! ஏழர மணி நாடகத்து விசாலாட்சி!"

"யக்கா, அந்தப் பொண்ண மறுபடி வூட்டுல சேத்துக்குவீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் ஒருத்தி.

"சேத்துக்குவேம்மா," என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு மேரி உள்ளே போனாள்.

*

விழுப்புரம் தனி ஜில்லாவான அந்த 1993-இல் மேரிக்குப் பத்தொன்பது வயது. ஊர் ஊராக அறிவொளி இயக்கம் வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை போயிருந்த மேரி காலனிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பூமாலை தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது அந்த வகுப்பில்தான். சவுரியம்மாள் மட்டும் வரமாட்டேன் என்றாள். "நான் கத்துக்கினு இன்னா பண்ணப்போறேன்? எனக்கும் சேத்து நீ படி."

இயக்கத்தின் கலைக்குழுவில் பறையடித்துக்கொண்டிருந்தவன் புகழேந்தி. நாடகத்தில் நடிக்கப் பெண் கிடைக்காமல், மீசையை மழித்த ஆண்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். மேரி வகுப்பில் பாடம் சொல்கிற குரலைக் கேட்டுவிட்டு அவன்தான் வீட்டுக்கு வந்து சவுரியம்மாளிடம் கேட்டான். எழுதப் படிக்கத் தெரியாததால் கைநாட்டு வைத்துக் காணியை இழக்கிற ஒருத்தியின் கதை. அனந்தபுரம் சந்தையில் முதல் ஆட்டம். மேரி மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழுதபோது காய்கறிக் கடைக்காரி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நாடகம் பாதியில் நின்றது.

சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் சவுரியம்மாள் கேட்டாள். "நெசமாவா அழுத?"

"இல்லம்மா. நடிப்புதான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்டி அடிவயிறு எரிஞ்சிது?"

அதன்பிறகு மேரியால் நடிக்காமல் இருக்க முடியவில்லை.

இயக்கம் ஓய்ந்தது. புகழேந்திக்கும் அவளுக்கும் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. அவன் விழுப்புரம் ரயிலடிப் பக்கம் மைக் செட் வாடகைக் கடை வைத்தான். குழந்தை தங்கவில்லை. மேரி பாண்டிச்சேரியில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து கண்டமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தாள். கல்லூரி மண்டபங்களில் ஆடினார்கள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், டீ கொடுத்தார்கள்; கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குழு ஓடிவந்தது. அங்கிருந்து சென்னை. சபா நாடகங்களில் அவளுக்கு எப்போதும் வேலைக்காரி வேஷம். சீரியல் காலம் வந்தபோது அங்கேயும் வேலைக்காரி, நர்ஸ், எழவு வீட்டில் பின்வரிசையில் அழுகிறவள்.

"இருதயமேரின்னு டைட்டில் கார்டுல போட்டா எடுபடாதும்மா," என்று ஒரு டைரக்டர் ரேணுகாஸ்ரீ ஆக்கினார். "வந்துகினு போய்க்கினு"வை வாயிலிருந்து எடுப்பதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. கண்ணாடி முன்னால் நின்று "வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். அப்படிப் பல வருஷம் பின்வரிசையில் நின்றபிறகு, பழைய நாடகமொன்றில் அவளைப் பார்த்திருந்த இன்னொரு டைரக்டர் பட்டுப் புடவையும் சாவிக்கொத்தும் கொடுத்து அவளைப் பெரிய வீட்டு விசாலாட்சியாக உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் அவள் மூன்றாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். மாதத்தில் பாதி நாள் வடபழனியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், மீதி நாள் விழுப்புரம். அம்மாவைப் பார்க்க வருவது பொங்கலுக்கும் மாதா திருவிழாவுக்கும்தான்.

ஆனால் சவுரியம்மாள் மகளைத் தினமும் பார்த்தாள். அரசாங்கம் கொடுத்த இலவச டிவி அதற்குத்தான் உதவியது. கூலிக்குப் போய்வந்து குளித்துவிட்டு, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்புமாகத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். காலனிப் பெண்கள் விசாலாட்சியை ஏசினால் பொறுக்கமாட்டாள்.

"எழுதிக் குடுக்கறத எம் பொண்ணு பேசுது. வைய்யறதுன்னா எழுதறவன வைய்யுங்கடி."

*

வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. "நெனப்பு வரும், போகும். ஆளு அடையாளம் தெரியறது கஷ்டம். வீட்ல வச்சுப் பாத்துக்கங்க," என்று டாக்டர் அனுப்பிவிட்டார். விழுப்புரம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் சுவரைப் பார்த்துப் பார்த்து அழுதாள், ஒருவாய் தண்ணீர் குடிக்கவில்லை. காலனி வீட்டில் கொண்டுவந்து கிடத்தியதும் அழுகை நின்றது. மேரி அம்மாவோடு அங்கேயே தங்கிவிட்டாள்.

வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கிக் காய்ந்தது. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. மேரி நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவைப் புரட்டினாள், துடைத்தாள், மூத்திரத் துணியை அலசினாள், பனை விசிறியால் வீசினாள். சவுரியம்மாள் அவளை யாரோ போல வெறித்துப் பார்ப்பாள். சில நேரம் இடது கையால் தட்டிவிடுவாள்.

ஏழரை மணிக்குக் கரண்ட் இருந்தால் மட்டும் எல்லாம் மாறும். முன்கூட்டியே எடுத்துவைத்த காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. விசாலாட்சி பட்டுச் சரசரக்க மாடிப்படி இறங்குவாள். சவுரியம்மாளின் கோணிய வாய் விரியும்.

"மே...ரி."

"நான் இங்க இருக்கறேன்மா. தோ பாரு, உம் பக்கத்துல."

சவுரியம்மாள் திரும்பமாட்டாள். அந்த நேரத்தில் ஊட்டினால்தான் கூழ் உள்ளே போகும். அதைக் கண்டுகொண்ட மேரி கிண்ணத்தை எடுத்துவைத்துக்கொண்டு தன்னுடைய முகம் எப்போது வரும் என்று டிவியைப் பார்த்துக் காத்திருந்தாள்.

சீரியல் கம்பெனியிலிருந்து சுப்பராயலு போனில் பேசினார். புரொடக்‌ஷன் மேனேஜர். கண்டமங்கலத்துக்காரர். எல்லோரிடமும் மேடம் சார் என்று பேசுகிறவர், மேரியிடம் மட்டும் ஊர்ப் பேச்சுப் பேசுவார்.

"அம்மா எப்பிடிம்மா இருக்காங்க?"

"அப்பிடியேதான்ண்ணே கெடக்குது."

"விசாலாட்சிய காசிக்கு அனுப்பிட்டம்மா. ரெண்டு வாரம் தள்ளலாம். ஆனா பையனோட ரெண்டாம் கல்யாணம் ஓடிக்கினு இருக்குது, அம்மாக்காரி இல்லாம அது நிக்கல. சேனல்ல கேக்கறாங்க. ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போயிடேன்."

மேரி போனாள். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுப் பூமாலை காவலிருந்தாள். சென்னையில் மேக்கப் போட்டு நிறுத்தினால் வசனம் மனசில் நிற்கவில்லை. பக்கத்தில் உதவி டைரக்டர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் வேறெதையோ சொன்னாள். "இந்த வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்பதைக்கூட விட்டுவிட்டாள். மூன்று வருஷமாகச் சொன்ன வசனம் அது. டைரக்டர் டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலிலிருந்து கீழே விழுந்து நெற்றியில் புடைத்திருந்தது. பூமாலை வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

"தண்ணி லாரி வந்துதுன்னு கொடத்த எடுத்துக்கினு அந்தாண்ட போயிட்டு இந்தாண்ட வர்றதுக்குள்ள, டிவியாண்ட ஊந்துக்கினு போயிருக்கறா உங்கம்மா. கரண்டே இல்ல. மூஞ்சிய கண்ணாடியில வச்சிக்கினு கெடக்கறா."

"அழுவாத சின்னம்மா. நீ இன்னா பண்ணுவ."

புகழேந்தி கடையைப் பூட்டிவிட்டு வந்து சொன்னான். "நான் பாத்துக்கறேன் மேரி. நீ போ. எத்தினி வருஷம் பாடுபட்டுக் கெடச்ச எடம்."

"நீங்க எப்பிடிங்க பாப்பீங்க?"

"இன்னா பெரிய வேல? நானும் ஒரு தாய்க்குப் பொறந்தவந்தான்."

துணி மாற்ற அவன் கிட்டே போன உடனே சவுரியம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆள் அடையாளம் மறந்தவளுக்கு அவன் மருமகப்பிள்ளை என்பதும் மறந்திருந்தது. ஆம்பளை என்பது மட்டும் தெரிந்தது. அவன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். திண்டிவனத்திலிருந்து சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள வந்த பெண், கிழவி கையைக் கடித்துவிட்டாள் என்று அன்றைக்கே போய்விட்டாள்.

சுப்பராயலு மறுபடி பேசினபோது சவுரியம்மாளுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது.

"தொடர்ச்சியா நாலு நாளு வேணும்மா. கல்யாண செட்டு போட்டாச்சி."

"அண்ணே, காய்ச்சல்ண்ணே. இப்ப உட்டுட்டு வந்தன்னா மூஞ்சியில முழிக்க முடியுமோ என்னமோ."

"புரியுதும்மா. எங்கம்மாவும் இப்பிடித்தான் போச்சி. ஆனா என் கையில ஒண்ணும் இல்ல தாயி."

"விசாலாட்சிய இன்னும் கொஞ்ச நாளு காசியிலயே வச்சிருக்கச் சொல்லுங்கண்ணே."

"சொல்லிப் பாக்கறேன்."

அவர் சொல்லிப் பார்த்திருப்பார் என்றுதான் மேரி கடைசி வரை நம்பினாள்.

*

விசாலாட்சி காசியிலிருந்து திரும்புகிறாள் என்று விளம்பரம் ஓடியது. காய்ச்சல் விட்டிருந்தது. காலனிப் பெண்கள் வாசல் வரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தான் அந்த ஒரு நாள் சென்னைக்குப் போய் எடுத்தது வருகிறது என்று மேரியும் நினைத்தாள். புகழேந்தி கட்டிலைத் தள்ளி அத்தைக்கு நேராக டிவியைத் திருப்பிவைத்தான்.

கார் வந்து நின்றது. முதலில் செருப்பு. பிறகு மாம்பழ நிறப் பட்டு. அந்தப் புடவை மேரியின் அளவுக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்தது. பின்பக்கமாகவே நடந்துபோன விசாலாட்சி கதவண்டை நின்று திரும்பினாள். வேறு ஒருத்தி. எடுப்பான மூக்கு, நல்ல சிவப்பு. படம் அப்படியே நிற்க, கீழே எழுத்து ஓடியது.

பூமாலை அதை எழுத்துக்கூட்டி, வகுப்பில் படிக்கிற மாதிரியே உரக்கப் படித்தாள். "ரே-ணு-கா-ஸ்-ரீ-க்-கு-ப் ப-தி-ல்... இ-வ-ர்." படித்து முடித்தபிறகுதான் அவளுக்கு அர்த்தம் எட்டியது. "இன்னா மேரி இது? உனக்குப் பதிலு இவருன்னு போட்டுருக்கறான்?"

புகழேந்தி எழுந்து சுவிட்சை நோக்கிப் போனான்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மே...ரி."

எல்லோரும் திரும்பினார்கள். சவுரியம்மாளின் பார்வை டிவியில் இருந்தது. அதற்குள் உள்ளே வந்து அதே நாற்காலியில் அதே சாவிக்கொத்தோடு உட்கார்ந்த புதியவளைப் பார்த்து அவள் வாய் விரிந்திருந்தது. "மே...ரி வந்...துட்டா."

"உடுங்க," என்றாள் மேரி கணவனிடம். "ஓடட்டும். அது சாப்புடற நேரம்."

கிண்ணத்தை எடுத்துக் கலக்கி ஊட்டத் தொடங்கினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து சத்தமில்லாமல் போனார்கள்.

மறுநாள் அவளே சுப்பராயலுவைக் கூப்பிட்டாள்.

"சொல்லியிருக்கலாமேண்ணே."

"எப்பிடிம்மா சொல்லுவேன்? போன எடுத்து எடுத்துக் கீழ வச்சேன். வேற வேஷம் வந்தா மொதல்ல உன்னத்தான் கூப்புடுவேன்."

"சரிண்ணே."

அந்த அழைப்பு வராது என்று இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஆடி முடிந்து முதல் மழை பெய்தபோது, கொசுக் காய்ச்சல் விழிப்புணர்வு நாடகம் ஒன்றைத் திண்டிவனத்தில் போடச் சொல்லிப் புகழேந்திக்கு அழைப்பு வந்தது. பறையை எடுத்துத் தட்டிப் பார்த்தவனின் முகம் பழைய முகமாக இருந்தது. "ஒரு மணி நேரந்தான் மேரி. உனக்கும் மனசு மாறும்." பூமாலையை அம்மாவுக்குக் காவல் வைத்துவிட்டு மேரி போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வட்டம் கட்டினார்கள். காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். பறை நின்ற இடத்தில், மண்ணில் உட்கார்ந்து அவள் மாரடித்துக் குரலெடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. அனந்தபுரத்தில் வந்த அதே குரல்.

முன்வரிசையில் பழக்கூடையோடு நின்ற பெண் கையைத் தட்டினாள். "நல்லா வேணும்டி விசாலாட்சி! அந்தப் பொண்ண எம்மாம் பாடு படுத்தின? ஆண்டவன் உட்டுடுவானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான். மேரி பிள்ளையைப் பறிகொடுத்தவளாகவே கடைசி வரை அழுது முடித்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் புகழேந்தி அவள் பக்கம் திரும்பவில்லை. பறையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான்.

"நீங்க ஏங்க மொகத்த அப்பிடி வச்சிக்கினு வர்றீங்க?" என்றாள் அவள். "தெரியாம பேசுது அது."

"தெரிஞ்சி பேசறவங்ககிட்டயாவது சண்ட போடலாம்," என்றான் அவன்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. ஏழரை மணி போய்விட்டிருந்தது. சிம்னி விளக்கைக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பூமாலை போனாள். சவுரியம்மாள் விழித்திருந்தாள். அன்றைக்குப் பார்வை கொஞ்சம் தெளிந்திருந்தது. மேரி முகம் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் தலையை நிமிர்த்தி வைத்து, கூழைக் கரைத்துக் கரண்டியில் எடுத்தாள். சவுரியம்மாள் வாயைத் திறக்காமல் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"நீ... யாரு... வூட்டுப் பொண்ணு?"

மேரி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். இத்தனை மாதமும் நான்தாம்மா மேரி, நான்தாம்மா மேரி என்று சொல்லிச் சொல்லி, அம்மா மிரண்டு கையைத் தட்டிவிட்டதுதான் மிச்சம்.

"பக்கத்து வூடும்மா," என்றாள்.

"எம்... பொண்ணு?"

"சூட்டிங்ல இருக்குது. உங்கள பாத்துக்கச் சொல்லி எங்கிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்குது."

சவுரியம்மாள் அதை யோசித்தாள். முகத்தில் இருந்த மிரட்சி மெல்ல இறங்கியது. இடது கை தடவிக்கொண்டு வந்து மேரியின் மணிக்கட்டில் தங்கியது. விழுந்த நாளிலிருந்து தட்டிவிடுவதற்கல்லாமல் அந்தக் கை அவளைத் தொட்டதில்லை.

"சாப்...டுச்சா... அது?"

"சாப்டுச்சும்மா. இப்பத்தான் போன் பண்ணிச்சி."

"நீ?"

மேரி விளக்குத் திரியைத் தூண்டிவிடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"நான் அப்பறம் சாப்புடறேன். நீங்க வாயத் தொறங்கம்மா."

சவுரியம்மாள் வாயைத் திறந்தாள்.